சாவியைக் கொடுக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பெரிய தெருவில் 1991 முதல் பாத்திரக்கடை நடத்திவருகிறோம். அப்பா தொடங்கிய கடை. பதினோரடி முகப்பு, முப்பத்தெட்டு அடி நீளம். மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். எழுத்தில் எதுவும் கிடையாது. கட்டிடக்காரப் பெரியவரும் அப்பாவும் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டதுதான். பெரியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய இரண்டு மகன்களும் ஒரு மகளும் கட்டிடத்தை இடித்து மூன்று மாடி வணிக வளாகம் கட்டப்போகிறார்கள். ஐந்து கடைக்காரர்களும் ஆவணிக்குள் காலி செய்ய வேண்டுமாம். "புதுக் கட்டிடத்தில் உங்களுக்குத்தான் அண்ணே முதல் கடை" என்கிறார் மூத்த மகன். காலி செய்ய மூன்று லட்சம் தருகிறார்களாம். பக்கத்துக் கடைக்காரரோ, "கோர்ட்டுக்குப் போனால் இருபது வருஷத்துக்கு நம்மை அசைக்க முடியாது" என்கிறார். புறவழிச்சாலைப் பக்கம் பெரிய கடையாகப் பிடித்துப் போய்விடலாம் என்பது என் மனைவியின் யோசனை. எங்கள் வாசற்படியில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் அப்பா காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை நினைத்தாலும் கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் பக்கத்துக் கடைக்காரரின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், அதுதான் உங்களை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அவர் சொல்வது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்துக் கதை. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கை மகன் காலம் வரை இழுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், இழுக்க உதவியும் இருக்கிறேன். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். பழைய வாய்மொழி வாடகைகளையும் எழுத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கெடு கொடுத்தார்கள், பலமுறை நீட்டித்தார்கள். உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

விளைவு கசப்பானது. எழுத்தில் ஒப்பந்தம் போடாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் என்று அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. இடித்துக் கட்டுவது இன்னொரு காரணம். இடித்துக் கட்டிய பிறகு திரும்பி வரும் உரிமை தானாக வந்துவிடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு புதிய ஒப்பந்தம் போட்டால்தான் உண்டு. காலி செய்யும் உத்தரவு வந்த பிறகும் நீங்கள் உட்கார்ந்திருந்தால் வாடகையின் மடங்குக் கணக்கில் இழப்பீடு ஏறும். இருபது வருஷக் கணக்கை மறந்துவிடுங்கள்.

அதற்காகப் பயந்துபோய் சாவியை நீட்டிவிடவும் வேண்டாம். அவர்களுக்கு அவசரம் இருக்கிறது. 2028 மாசியில் மகாமகம். அந்த மாதம் உங்கள் தெருவில் ஒரு கடை திறந்திருப்பதற்கும் அதே இடம் பள்ளமாகக் கிடப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை 2016ஐப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு என்று போனால் நீங்கள் தோற்கலாம். ஆனால் தோற்பதற்குள் அவர்கள் கையைவிட்டு நழுவிப் போவது அந்த மகாமகம். ஐந்து கடைக்காரர்களும் சேர்ந்து சமாதானமாகக் கையெழுத்திட்டுக் காலி செய்வது அவர்களுக்கு லட்சக்கணக்கில் லாபம். அந்தச் சமாதானத்துக்குத்தான் நீங்கள் விலை கேட்க வேண்டும், அதையும் ரொக்கமாகக் கேட்காமல் புதுக் கடைக்கான பத்திரமாகக் கேளுங்கள். கடைச் சாவி உங்கள் கையில் இருக்கும்வரைதான் இந்தப் பேச்சு நடக்கும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கட்டிடம் இடிந்துபோனதாலேயே வாடகை உரிமை அழிந்துவிடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்களே மனமுவந்து சாவியைக் கொடுத்துவிட்டால் அது சட்டப்படி ஒப்படைப்பு, அந்தத் தீர்ப்பு உங்கள் உதவிக்கு வராது.

இனி, பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை. மண் யாருடையது? இதைக் கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். கும்பகோணம் போன்ற கோயில் நகரத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கட்டிடம் குடும்பத்துடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது இங்கே சகஜம். அப்படி இருந்தால் அந்த மூன்று வாரிசுகளும் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டுகிற குத்தகைதாரர்கள்; உங்களைப் போலவே அவர்களும் ஒரு வகையில் வாடகைக்கு இருக்கிறவர்கள். கோயில் சொத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். தங்களிடமே இல்லாத நீண்ட கால உரிமையை அவர்கள் உங்களுக்குத் தர முடியாது. ஆகவே வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் என்ன என்று பாருங்கள். இரண்டும் சில நூறு ரூபாய்க் காரியம்.

அடுத்தது வாரிசுகள். உங்களிடம் பேசுகிறவர் மூத்தவர் மட்டும். பெரியவர் உயில் எழுதினாரா, பாகப்பிரிவினை ஆனதா என்று தெரியாமல் அவர் ஒருவரின் வார்த்தையை நம்பி ஒரு ரூபாய்க்குக் கூட முடிவெடுக்காதீர்கள். அண்ணன் தம்பி தகராறில் இடித்த இடம் பொட்டலாகக் கிடந்து, கடைசியில் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டர் நிறுத்தும் இடமாகிப் போனதை நம் டெல்டா ஊர்களில் எங்கும் பார்க்கலாம். மூவரும் கையெழுத்திட வேண்டும். வெளியூரில் இருக்கிற மகளிடமிருந்து பொது அதிகாரப் பத்திரம் வாங்கி மூத்தவர் கையெழுத்திடுவதாக இருந்தால் அந்தப் பத்திரம் பதிவானதா, குத்தகை விடும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இப்போது என் பதிலின் மையத்துக்கு வருகிறேன். "உங்களுக்குத்தான் முதல் கடை" என்று அவர் சொல்வதை நல்லெண்ணத்தோடு சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். அந்த முதல் கடை கட்டிடத்தில் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. ஏனென்றால் வரைபடத்துக்கு இன்னும் அனுமதி வாங்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்படி சாதாரண உயரக் கட்டிடத்துக்குத் தளப்பரப்பு மனையைப் போல் இரண்டு மடங்கு வரை போகலாம். காகிதத்தில் இது தாராளம். ஆனால் அதே விதிகள் வண்டி நிறுத்த இடமும் கேட்கின்றன. ஒட்டி ஒட்டி நிற்கும் கடைத்தெரு மனையில் அந்த இடத்தை எங்கே காட்டுவது? கட்டிடக் கலைஞர்கள் கண்டுபிடித்திருக்கும் எளிய வழி, கீழ்த்தளத்தைத் தூண்கள் மட்டும் வைத்து வண்டிகளுக்கு விட்டுவிட்டுக் கடைகளை மேலே ஏற்றுவது. அப்போது உங்கள் முதல் கடை எட்டுப் படி ஏறினால்தான் வரும். மகள் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் வாங்க வலங்கைமானிலிருந்து வருகிற அம்மாள் பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு எட்டுப் படி இறங்குவாரா?

என்னிடம் பத்திரம் எழுத வந்த ஒரு கட்சிக்காரரின் கதை. ஊர் வேண்டாம். ஜவுளிக்கடைக்காரர்; எல்லாம் எழுத்தில் வாங்கியிருந்தார். கடை எண், சதுர அடி, வாடகை, எல்லாம் சரி. கட்டிடம் முடிந்து போய்ப் பார்த்தால் அவருடைய பன்னிரண்டடி முகப்பின் நடுவே பதினெட்டு அங்குலத் தூண் ஒன்று நின்றது. ஷட்டரை இரண்டு துண்டாகப் போட வேண்டியதாயிற்று. தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தூண்தான் முதலில் தெரிந்தது. பத்திரத்தை எழுதியவன் நான்தான். சதுர அடியை எழுதினேன், முகப்பை எழுதவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருப் பத்திரம் எதிலும் நான் பரப்பளவில் தொடங்குவதில்லை, முகப்பில்தான் தொடங்குகிறேன். தெருமட்டத்திலிருந்து தரை எத்தனை அங்குலம் உயரம், முகப்பில் தடையில்லாத அகலம் எத்தனை அடி, தூண் எங்கே, படிக்கட்டு எங்கே, லாரியிலிருந்து சரக்கு இறக்க இரவில் வழி எது என்பதையெல்லாம் அனுமதி பெற்ற வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, அந்த வரைபடத்தையே பத்திரத்தின் இணைப்பாக்கி, ஒவ்வொரு தாளிலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பாத்திரக்கடைக்கு ஒன்று கூடுதல்: பரணும் ரேக்கும் தாங்கும் எடை. பித்தளையும் எவர்சில்வரும் அடுக்கினால் டன் கணக்கில் வரும். மாடியில் கடை என்றால் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

உயரத்தையும் விசாரியுங்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் மனைக்கு அப்படி ஏதாவது உண்டா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மூன்று மாடி இரண்டாகக் குறைந்தால் முதலில் காணாமல் போவது பழைய வாடகைதாரருக்குச் சொன்ன கடைதான்.

ஆகவே நீங்கள் வைக்க வேண்டிய முதல் நிபந்தனை இது: கட்டிட அனுமதி கைக்கு வந்த பிறகுதான் காலி செய்வேன். ஆவணி, தை என்று மாதக் கணக்கு வேண்டாம். "திட்ட அனுமதியும் கட்டிட உரிமமும் கிடைத்து, அவற்றின் நகலை எனக்குத் தந்த நாளிலிருந்து அறுபது நாள்" என்று எழுதுங்கள். நேர்மையாகக் கட்டப்போகிறவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால், இடத்தைக் காலியாக்கி விற்கத்தான் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பத்திரம். முத்திரைத் தாளில் நாலு வரி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருவார்கள். அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் அதிகம். பதிவுச் சட்டத்தில் குத்தகை என்ற சொல்லுக்குள் குத்தகை விடுவதற்கான உடன்படிக்கையும் அடங்கும்; ஓராண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் பதிவு கட்டாயம். பதிவாகாத தாளை வைத்துக்கொண்டு எதிர்காலக் கடையைக் கேட்க முடியாது. ஒன்பது ஆண்டுக் குத்தகை கேளுங்கள், அதற்கான உடன்படிக்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம் என்ற அளவில் முத்திரைத் தீர்வை வரும், பதிவுக் கட்டணம் தனி. செலவை யார் தாங்குவது என்று பேரம் பேசுங்கள், ஆனால் செலவுக்காகப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

எப்போது பதிவு செய்வது என்பதும் முக்கியம். அவர்கள் கட்டுவது பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் இருக்கும். மனை அடமானத்துக்குப் போகும் முன் உங்கள் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இருக்க வேண்டும். கடன் வராக்கடனாகி வங்கி கட்டிடத்தைக் கையகப்படுத்தினால், அடமானத்துக்குப் பின் வந்த குத்தகைதாரரை வங்கி மதிக்காது.

வாடகை விஷயத்தில் "அப்போதைய மார்க்கெட் வாடகை" என்ற சொற்றொடர் பத்திரத்தில் நுழைந்தால் மற்ற எல்லாமே வீண். மார்க்கெட் என்பது அவர்கள் வாயில் வருகிற எண். இன்றே எண்ணாக எழுதுங்கள். உதாரணத்துக்கு, சதுர அடி 90 ரூபாய் என்று பேசினால் உங்கள் 418 சதுர அடிக்கு 37,620 ரூபாய். ஆனால் அவர்கள் மாடிப்படி, வராந்தா, லிஃப்ட் எல்லாம் சேர்த்து 35 சதவீதம் கூட்டினால் கணக்கு 564 சதுர அடியாகி வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும். நான்கு சுவருக்குள் அளந்த பரப்பு என்று எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் என்ற உயர்வு வழக்கத்தில் இருப்பதுதான், அதற்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டுபடியாகுமா என்பதைக் கல்லாவிடம் கேளுங்கள். என்னிடம் வருகிற வியாபாரிகளுக்கு நான் சொல்கிற கணக்கு, மாத வாடகை ஒன்றரை நாள் விற்பனைக்குள் அடங்க வேண்டும் என்பது. இரண்டு நாளைத் தாண்டினால் கட்டிடக்காரருக்காகத்தான் கடை நடத்துகிறீர்கள். 37,620 ரூபாய் வாடகைக்கு ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே விற்க வேண்டும். ஆவணி, தை முகூர்த்த மாதங்களை மட்டும் நினைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள், ஆடியையும் மார்கழியையும் சேர்த்துப் போடுங்கள்.

ஜிஎஸ்டியையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வணிக வாடகைக்கு 18 சதவீதம். கட்டிடக்காரர் பதிவு செய்தவரானால் அவர் வசூலிப்பார். அவர் பதிவு செய்யாதவராக இருந்து நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியைக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. கட்டியதை உள்ளீட்டு வரியாக, அதாவது உங்கள் விற்பனைக்கான வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் நீங்கள் இருந்தால் பிந்திய பொறுப்பு கிடையாது, ஆனால் கட்டிடக்காரர் வசூலிக்கும் 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அது நேரே உங்கள் செலவில் ஏறும். அந்த நிலையில் "வரி உட்பட" என்ற இரண்டு சொல் உங்களுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் மிச்சம்.

மூன்று லட்சத்துக்கு வருவோம். கட்ட ஒன்றரை ஆண்டாவது ஆகும். அந்த ஒன்றரை ஆண்டுக்குத் தற்காலிகக் கடை மாதம் 25,000 ரூபாய்க்குக் கிடைத்தாலே நாலரை லட்சம். ரேக் கழற்றி மாட்டுவது, விளம்பரப் பலகை, வராமல் போகும் வாடிக்கையாளர் எல்லாம் தனி. மூன்று லட்சத்தை வாங்கிக்கொண்டு "எனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ரசீதில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, தற்காலிகக் கடை வாடகையை மாதாமாதம் அவர்கள் ஏற்பது. அதிலும் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை இரட்டிப்பாக வேண்டும். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் புதுக் கடைக்கு அப்படியே வரவு வைக்கப்பட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பெரிய தெரு மனைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். பின்பக்கம் சந்து இருக்கிறதா? இருந்தால் பின்பாதியை முதலில் இடித்துக் கட்டி, கடைகளை அங்கே மாற்றி, பிறகு முன்பாதியை இடிக்கலாம். பொறியாளர் முகம் சுளிப்பார், செலவும் ஏறும். ஆனால் மகாமகத்தின்போது ஐந்து கடையும் ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கும், அவர்களுக்கும் வாடகை நிற்காது. அல்லது 2028 பங்குனிக்குப் பிறகு இடிக்கலாம் என்று ஐவரும் சேர்ந்து கேளுங்கள், அதுவரை வாடகையைக் கொஞ்சம் ஏற்றித் தருகிறோம் என்று. 14,000 ரூபாய் என்பது அந்தத் தெருவுக்குக் குறைந்த வாடகை என்பது உங்களுக்கும் தெரியும். வாரிசுகளின் மனக்குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, தேக்கு உத்தரத்தில் செல் அரித்த கட்டிடத்தை அந்த வாடகையில் யாரும் பழுதுபார்க்க முடியாது.

உங்கள் மனைவியின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். காரில் வருகிறவர்களுக்கும், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று மொத்தமாக வாங்குகிறவர்களுக்கும் புறவழிச்சாலை வசதி. ஆனால் சீர் பாத்திரம் வாங்குகிற குடும்பம் நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை என்று ஒரே நடையில் போகும். அந்த நடையில் நீங்கள் இருக்க வேண்டும். தற்காலிகக் கடையைப் புறவழிச்சாலையில் பிடித்து ஒன்றரை ஆண்டு பார்த்துவிடலாமே. ஓடினால் அங்கே மொத்த வியாபாரம், இங்கே சில்லறை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: வாடகையை ஒரு மாதம் கூட நிறுத்தாதீர்கள், இரண்டு மாதப் பாக்கி என்பதும் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். வங்கி வழியாகச் செலுத்துங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்க அவர்களுக்கு உரிமை இல்லை, துண்டித்தால் அதே அதிகாரியிடம் போங்கள். 1991 முதல் கிடைக்கிற ரசீதுகள், மின் அட்டை, வரிப் பதிவு, அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தில் வாடகை எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். மற்ற நான்கு கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் தனியாக ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் மீதிப் பேருக்குப் பேரம் கிடையாது.

பேர் வெட்டுகிறவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அது, தொழில் ரீதியாகக் கவலை தந்த வரியும் அதுதான். அவர் உங்களுக்கு ஏதாவது பணம் தருகிறாரா? தந்தால் உடனே நிறுத்துங்கள். உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டார் என்று குற்றம்சாட்ட அது போதும். அவர் உங்கள் கடைக்கு வேலை செய்கிறவர், நீங்கள் அவருக்குக் கூலி தருகிறீர்கள் என்பது கணக்கில் இருக்கட்டும். புதுக் கட்டிடத்தில் வாசற்படி இருக்காது, ஷட்டரைத் திறந்தால் நேரே வழுவழுப்பான டைல்ஸ் தரைதான். வரைபடத்தில் முகப்பைச் சிவப்பு மையால் குறிக்கும்போது, ஷட்டருக்கு வெளியே அவரும் அவர் உளியும் சுத்தியலும் அடங்க ஓர் இடத்தையும் குறித்து, "வாடகைதாரரின் பணியாளர் அமரும் இடம்" என்று எழுதி வாங்குங்கள். மூன்றடிக்கு இரண்டடி இருந்தால் போதும், நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.